குறிகட்டுவானுக்கு அப்பால் ஒரு நியமனம்

நெடுந்தீவுக்குப் புதிதாக நியமனம் பெற்ற மருத்துவர் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்காக நிற்கும்போதே கேள்வி வந்துவிடும். பக்கத்தில் பையோடு குந்தியிருக்கும் ஆச்சி, "பிள்ளை எவடம்?" என்பார். யாழ்ப்பாணத்தில் எல்லாரும் எல்லாரையும் கேட்கிற கேள்விதான் இது. தீவுக்குப் போகும் மருத்துவரிடம் கேட்கும்போது மட்டும் அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. இந்தப் பிள்ளை எத்தனை மாதம் இருக்கும்? அடுத்த மாற்றல் பட்டியல் வரும்வரையா, அதற்கும் முன்பா?

அந்தக் கணக்கைப் போட ஆச்சிக்குக் காரணம் உண்டு. நெடுந்தீவில் இரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால், அல்லது பிள்ளைப்பேற்றில் சிக்கல் என்றால், முதலில் கடலைப் பார்க்க வேண்டும். காற்று இடம் கொடுத்தால் கடற்படையின் படகோ நோயாளர் படகோ அவரைக் குறிகட்டுவானில் கொண்டுவந்து சேர்க்கும். அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் கடந்து முப்பது கிலோமீற்றர் அளவு ஓடினால்தான் பெரியாஸ்பத்திரி. இத்தனைக்கும் முன்னால், தீவின் பிரதேச வைத்தியசாலையில் இருக்கிற ஒரே ஒரு மருத்துவர் முடிவெடுக்க வேண்டும். ஏற்றுவதா, வைத்துப் பார்ப்பதா? அந்த முடிவை எடுப்பவருக்கு வயது பெரும்பாலும் இருபத்தெட்டோ முப்பதோ.

இளம் மருத்துவர்கள் ஏன் கிராமத்து அரச மருத்துவச் சேவையைத் தேர்கிறார்கள் என்ற கேள்வியை உலகெங்கும் ஆராய்கிறார்கள். நம்முடைய நாட்டில் அந்தக் கேள்வியைச் சற்றுத் திருத்திக் கேட்க வேண்டியிருக்கிறது. இங்கே மருத்துவக் கல்வி இலவசம். பட்டம் பெற்று, ஓராண்டு உள்ளகப் பயிற்சியை முடித்தவுடன் சுகாதார அமைச்சு வெற்றிடங்களின் பட்டியலை வெளியிடுகிறது. தகுதி வரிசையில் முன்னே நிற்பவர் முதலில் இடத்தை எடுக்கிறார். பின்னே நிற்பவருக்கு எஞ்சியது. ஆகவே வேலணையிலோ நெடுந்தீவிலோ ஒருவர் வந்து இறங்கினால் அவர் அதை விரும்பித் தேர்ந்தார் என்று சொல்லிவிட முடியாது. வருவதைப் பட்டியல் தீர்மானிக்கிறது. இருப்பதா போவதா என்பதைத்தான் அவர் தீர்மானிக்கிறார். மருத்துவரின் உண்மையான தெரிவு அவர் வந்த ஓராண்டுக்குப் பிறகு நடக்கிறது என்பதும், அந்த நேரத்தில் நாம் அவருக்கு என்ன கொடுத்திருக்கிறோம் என்பதே அதை முடிவு செய்கிறது என்பதும் என் எண்ணம்.

யாழ்ப்பாணத்தில் கிராமம் என்று எதைச் சொல்கிறோம் என்பதையும் பார்த்துவிட வேண்டும். மாவட்டத்தின் பரப்பு ஆயிரம் சதுர கிலோமீற்றரைச் சற்றே தாண்டும். பருத்தித்துறை, தெல்லிப்பளை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளுக்குப் பட்டினத்திலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். காலையில் போய், பின்னேரம் திரும்பி, தனியார் மருத்துவமனையில் நோயாளர் பார்த்துவிட்டு வீட்டில் படுக்கலாம். அரச மருத்துவர்கள் கடமை நேரத்துக்கு வெளியே தனியாக மருத்துவம் பார்க்க 1977இலிருந்து அனுமதி இருக்கிறது. அதனால் குடாநாட்டில் பின்தங்கிய இடம் என்பதைத் தூரம் மட்டும் தீர்மானிப்பதில்லை, கடலும் தீர்மானிக்கிறது. நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு, நயினாதீவு என்று படகேறிப் போக வேண்டிய இடங்களில் மருத்துவர் தங்கியே ஆக வேண்டும். அங்கே பின்னேர வருமானம் இல்லை. இரவில் கூப்பிட இன்னொரு மருத்துவரும் இல்லை.

இந்தச் சிக்கல் நமக்குப் புதிதல்ல. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் மானிப்பாயில் ஒருவர் இதையே யோசித்துக்கொண்டிருந்தார்.

அமெரிக்க மிசனின் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் வட்டுக்கோட்டைக்கு வந்து, அடுத்த ஆண்டு மானிப்பாய்க்கு மாறினார். அவருக்கு முன்பே, 1820இல், ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணி தொடங்கியிருந்தார். ஸ்கடர் பின்னர் சென்னைக்குப் போய்விட்டார். அவருடைய பேத்தி ஐடா ஸ்கடர்தான் வேலூர் மருத்துவக் கல்லூரியை உருவாக்கினார். கிறீன் இங்கேயே நின்று உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில். கற்றவர்கள் என்ன செய்தார்கள்? ஆங்கிலம் தெரிந்த மருத்துவருக்கு அரசாங்க உத்தியோகமும் தோட்டங்களில் சம்பளமும் காத்திருந்தன. அவர்கள் ஊரை விட்டுப் போனார்கள். கிறீன் அவர்களைக் குறை சொல்லிக்கொண்டிருக்கவில்லை, பாடத்தின் மொழியை மாற்றினார். தமிழில் படித்தவர் தமிழ் பேசும் கிராமத்தில் தங்குவார் என்பது அவர் கணிப்பு. விடுமுறை முடிந்து 1862இல் திரும்பி வந்தபின், 1864 அளவில் முழுக்கத் தமிழிலேயே வகுப்புகள் நடத்தத் தொடங்கினார்.

அதற்குப் பாடநூல் வேண்டுமே. மகப்பேற்று மருத்துவம், 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'கெமிஸ்தம்' என்று மாணவர்களையும் உள்ளூர் அறிஞர்களையும் சேர்த்துக்கொண்டு மேலைமருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். சொல் இல்லாத இடத்தில் சொல் உண்டாக்கினார். 1873இல் அவர் தாயகம் திரும்பியபோது அறுபதுக்கு மேற்பட்ட மருத்துவர்களை உருவாக்கியிருந்தார். தமிழில் படித்த பலர் ஊர்களில் தங்கி மருத்துவம் பார்த்தனர். ஈழத்தில் கிறீனை மீண்டும் நினைவுக்குக் கொண்டுவந்தவர் கவிஞர் அம்பி. அவருடைய 'கிறீனின் அடிச்சுவடு' வந்த பிறகுதான் என் தலைமுறையில் பலருக்கு இந்தக் கதை தெரியவந்தது. அறிவியல் தமிழின் முன்னோடி என்றே நாம் கிறீனைப் போற்றுகிறோம். அவர் தமிழைத் தேர்ந்ததன் பின்னால் மருத்துவரைக் கிராமத்தில் தங்கவைக்கும் ஒரு திட்டமும் இருந்தது என்பதை நான் அதைவிடப் பெரிதாக நினைக்கிறேன். எங்கே, எந்த மொழியில், யாருக்குக் கற்பிக்கிறோம் என்பதே கற்றவர் எங்கே வாழ்வார் என்பதைத் தீர்மானிக்கும் என்று அவர் கண்டுகொண்டார்.

உலக சுகாதார நிறுவனம் 2010இல் ஒரு வழிகாட்டலை வெளியிட்டு, 2021இல் அதைப் புதுப்பித்தது. பின்தங்கிய இடங்களுக்கு மருத்துவப் பணியாளரை எப்படி ஈர்ப்பது, எப்படித் தங்கவைப்பது என்பதே அதன் பொருள். கிராமத்துப் பிள்ளைகளை மருத்துவக் கல்விக்குச் சேர்க்க வேண்டும், தலைநகருக்கு வெளியே கல்லூரிகளை அமைக்க வேண்டும், படிக்கும்போதே மாணவரைக் கிராமத்தில் பழக்க வேண்டும், வீடு, பாதுகாப்பு, மேற்படிப்புக்கான வழி ஆகியவற்றை உறுதி செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவருவது முதலாவது: கிராமத்தில் பிறந்து வளர்ந்தவரே கிராமத்தில் தங்குகிறார். ஜப்பானில் 1972இல் தொடங்கிய ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகம் ஒவ்வொரு மாகாணத்திலிருந்தும் பிள்ளைகளை எடுத்துக் கட்டணமின்றிப் படிப்பிக்கிறது. பட்டதாரிகள் ஒன்பது ஆண்டுகள் தங்கள் மாகாணத்தில் பணி செய்ய வேண்டும். கடப்பாடு முடிந்த பிறகும் பெரும்பாலோர் சொந்த மாகாணத்திலேயே இருக்கிறார்கள். தாய்லாந்து 1970களின் தொடக்கத்தில் எல்லாப் புதிய மருத்துவருக்கும் கட்டாயக் கிராமச் சேவையை விதித்தது. காலம் முடிந்ததும் பலர் பாங்கொக் திரும்பினார்கள். பிறகு 1990களின் நடுவில் கிராமத்துப் பிள்ளைகளைச் சேர்த்து, மாகாண வைத்தியசாலைகளிலேயே பயிற்றும் திட்டத்தைக் கொண்டுவந்தது. கட்டாயம் ஆளைக் கொண்டுவந்து விடும். தங்கவைக்க அது போதாது.

தமிழ்நாடு வேறு வழியில் போனது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் பணி செய்யும் அரச மருத்துவர்களுக்கு மாநிலத்தின் முதுநிலை மருத்துவ இடங்களில் பாதியை ஒதுக்கியது. அந்த ஒதுக்கீடு சில காலம் இல்லாமற்போய், மாநிலங்களுக்கு அந்த உரிமை உண்டு என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே ஒரு சிற்றூருக்கு இளம் மருத்துவர் போவதற்கு எம்.டி. கனவும் ஒரு காரணம். இதைத் தன்னலம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவருடைய வாழ்க்கையின் நியாயமான ஆசையை ஊரின் தேவையோடு பிணைத்துவிடுவது நல்ல ஆட்சிக்கு அழகு.

நமக்கும் உறுதியான ஒரு கட்டமைப்பு இருந்தது, இருக்கிறது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறைதான் இன்றுவரை ஊர் ஊராக நிற்கிறது. சுகாதார வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வீடு வீடாகப் போகும் குடும்பநல உத்தியோகத்தர் என்று ஒரு சங்கிலி. கர்ப்பிணியின் பெயர் அந்த உத்தியோகத்தரின் கொப்பியில் இல்லாமல் இருப்பது அரிது. புதிதாக வரும் மருத்துவர் தனியாக ஊரைத் தொடங்க வேண்டியதில்லை. ஊர் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது.

அந்த வேலையின் அருமையை இலக்கியமாகவும் கல்வியாகவும் ஆக்கியவர் ஒருவர் நம்மிடம் இருந்தார். இணுவிலில் பிறந்த செ. சிவஞானசுந்தரம், வாசகர்களுக்கு 'நந்தி'. மலையகத்தில் அரச மருத்துவராக வேலை செய்தபோது கண்ட தோட்ட மக்களின் வாழ்வு 'மலைக்கொழுந்து' நாவலாயிற்று. இளந்தாய்மாருக்குக் கர்ப்பகாலம் பற்றி எழுதிய 'அருமைத் தங்கைக்கு' ஒரு மருத்துவர் மருந்துச்சீட்டுக்கு வெளியே எவ்வளவு செய்யலாம் என்பதற்குச் சாட்சி. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் தொடங்கியபின் அங்கே சமுதாய மருத்துவப் பேராசிரியராக இருந்து தலைமுறைகளைப் பயிற்றினார். வாட்டுக்குள் நோயாளியாகப் பார்த்தவரை வீட்டுக் கிணற்றடியில், அடுப்படியில் போய்ப் பார்க்க வேண்டும் என்பதே சமுதாய மருத்துவத்தின் முதல் பாடம். கொழும்பில் படித்துவிட்டு வடக்குக்கு வருபவரைவிட, வடக்கில் படித்தவர் இங்கே அதிகம் தங்குவதற்கான காரணம் இப்படித்தான் விதைக்கப்பட்டது.

பிறகு போர். இதைத் தவிர்த்துவிட்டு யாழ்ப்பாணத்தில் மருத்துவர் ஏன் இருந்தார் என்று எழுத முடியாது.

1987 ஒக்ரோபர் 21, தீபாவளி நாள். இந்தியப் படையினர் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் புகுந்து சுட்டதில் நோயாளர், தாதியர், ஊழியர், மருத்துவர் என்று எழுபது பேரளவில் இறந்தார்கள். குழந்தை மருத்துவ நிபுணர் சிவபாதசுந்தரம் அடுத்த நாள் தாதியரோடு கைகளை உயர்த்தியபடி வந்தபோது கொல்லப்பட்டார். மருத்துவர்கள் பரிமேலழகரும் கணேசரத்தினமும் கொல்லப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். மருத்துவ பீடத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம இங்கிலாந்தில் இருந்துவிடலாம் என்ற நிலையிலும் 1986இல் திரும்பி வந்தார். 1989 செப்ரெம்பர் 21 அன்று திருநெல்வேலியில், சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35. மருந்துத் தடை, மின்சாரமில்லாத ஆண்டுகள், 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமமே இடம்பெயர்ந்து நடந்த இரவு. பின்னர் 2009இல் வன்னியில் சத்தியமூர்த்தி, வரதராஜா, சண்முகராஜா போன்ற அரச மருத்துவர்கள், வைத்தியசாலைகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கப் பின்வாங்க, பள்ளிக்கூடக் கட்டடங்களிலும் தறப்பாள்களுக்குள்ளும் காயக்காரரைப் பார்த்தார்கள்.

இவர்களை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தத் தியாகத்தை இன்றைய இருபத்தேழு வயதுப் பிள்ளைக்கு அளவுகோலாக நீட்டுவது நியாயமில்லை. "அந்தக் காலத்திலை டொக்டர்மார் ஷெல்லுக்குள்ளை நிண்டவை, உனக்கு ஒரு படகுக்குப் பஞ்சியோ" என்று கேட்பவர்களை நான் கேட்டிருக்கிறேன். போரில் நின்றவர்கள் நின்றதற்கு அவர்களின் மனத்திண்மை காரணம். சமாதான காலத்தில் ஒரு மருத்துவர் நிற்க அத்தகைய மனத்திண்மை தேவைப்படுகிறது என்றால், அங்கே ஒழுங்கு செய்ய வேண்டியவர்கள் ஒழுங்கு செய்யவில்லை என்றே பொருள்.

அப்படியானால் இன்று தங்குபவர்கள் எதற்காகத் தங்குகிறார்கள்? இளம் மருத்துவர்களோடு பேசினால் பெரிய சொற்கள் அதிகம் வருவதில்லை. அம்மாவுக்கு வயது போய்விட்டது, வீட்டுக்குக் கிட்ட இருக்கலாம் என்பார் ஒருவர். சின்ன ஆஸ்பத்திரியில் மேற்படிப்புச் சோதனைக்குப் படிக்க நேரம் கிடைக்கும் என்பார் இன்னொருவர். இது உண்மை, பட்டமேற்படிப்பு மருத்துவ நிறுவனத்தின் சோதனைக்காகவே அமைதியான இடத்தைக் கேட்டு எடுப்பவர்கள் பலர். பெரியாஸ்பத்திரியில் நிபுணருக்குப் பின்னால் கொப்பியோடு நடக்கும் இளையவர், இங்கே தானே பார்த்து, தானே தைத்து, தானே முடிவெடுக்கிறார். அந்தத் தன்னம்பிக்கை ஒரு பெரிய ஈர்ப்பு. ஓராண்டு கழிந்த பிறகு இன்னொன்று சேர்கிறது. சந்தையில் மீன் வாங்கப் போனால், விற்பவர் தன் சீனி வருத்தத்தின் கணக்கை ஒப்புவிப்பார். ஒருவரின் இரத்த அழுத்தம் ஏன் இறங்கவில்லை என்பது அவர் மகன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பாததில் இருக்கிறது என்று தெரியவரும். நோயை அதன் வீட்டோடு சேர்த்துப் பார்க்கக் கிடைக்கும் அந்த அறிவு பெரிய வைத்தியசாலையின் வெளிநோயாளர் வரிசையில் கிடைக்காது.

இதில் மொழிக்குப் பெரிய பங்கு உண்டு. "கால் உழைவு", "நாரி நோ", "சத்தி", "பெருமூச்சு" என்று நம் மக்கள் சொல்வதில் உடம்பு எது, மனம் எது என்று பிரிப்பது ஒரு கலை. காணாமல் ஆக்கப்பட்ட மகனை நினைத்து வரும் பெருமூச்சு மூச்சுத்திணறல் என்று எழுதப்பட்டு இன்ஹேலரோடு வீட்டுக்குப் போவதும் நடக்கும். போர் தந்த மனவடுக்களை ஆராய்ந்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இந்தப் பேச்சுமொழியைக் கூர்ந்து கேட்டவர். இன்று தென்னிலங்கையிலிருந்து வந்து வடக்கில் பணி செய்யும் சிங்கள மருத்துவர்கள் பலர். அவர்களில் தமிழ் கற்று, நம் முதியவர்களோடு பரிவாகப் பேசுபவர்களை நான் நன்றியோடு நினைக்கிறேன். அவர்களுக்கு ஒழுங்கான தமிழ்ப் பயிற்சி கொடுப்பது கிறீன் விட்டுப்போன வேலையின் தொடர்ச்சி.

தங்காதவர்களின் காரணங்களும் அதே அளவு எளியவை. மருத்துவ பீடங்களில் இன்று பாதிக்கு மேல் பெண்கள். தனியாக இருக்கும் ஓர் இளம் பெண் மருத்துவருக்கு விடுதியின் கதவு பூட்டும், குளியலறையில் தண்ணீரும், இரவில் காவலும் சம்பளத்தைவிட முக்கியம். ஒரே மருத்துவர் உள்ள இடத்தில் பதிலுக்கு ஆள் வராமல் லீவு எடுக்க முடியாது. தங்கச்சியின் கலியாணத்துக்குக்கூட கெஞ்ச வேண்டும். கலியாணம் என்றால் கணவரின் வேலை, பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடம் என்று எல்லாம் பட்டினத்தை நோக்கியே இழுக்கும். இரவில் ஒரு சிக்கல் வந்தால் தொலைபேசியில் கூப்பிட்டு "சேர், இப்படி ஒரு ஆள்" என்று கேட்க ஒரு மூத்தவர் இருக்கிறாரா என்பதே என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரியது. அப்படி ஒருவர் இல்லாதபோது இளையவர் பயப்படுகிறார். பயப்படுபவர் துண்டு எழுதிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புகிறார். அனுப்புவது பழக்கமாகிவிட்டால் மக்கள் அவரிடம் வராமல் நேரே பட்டினத்துக்குப் போகிறார்கள். வேலை இல்லாத இடத்தில் திறமையுள்ளவர் மனம் சலித்து வெளியேறுகிறார். 2024 ஜூலையில் சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைக்கு முன் மக்கள் திரண்டபோது, அங்கே எழுந்த பலவகைக் குற்றச்சாட்டுகளுக்கு அடியில் இருந்தது இந்தப் பழைய ஆதங்கம்தான்: இங்கே செய்யக்கூடியதை ஏன் இங்கே செய்யவில்லை?

2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கதை இன்னும் அகன்றுவிட்டது. பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசை, மருந்துத் தட்டுப்பாடு, உயரும் வரி. அரச ஊழியர் ஐந்தாண்டுவரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்றும் அறிவித்தார்கள். யாழ்ப்பாணத்தில் இலண்டனிலோ ரொறன்ரோவிலோ ஒரு சித்தப்பா இல்லாத வீடு குறைவு. ஆகவே இங்குள்ள இளம் மருத்துவர் தெரிவு செய்வது பட்டினத்துக்கும் தீவுக்கும் இடையில் மட்டுமல்ல, தீவுக்கும் இலண்டனுக்கும் இடையில். அவுஸ்திரேலியா போகிறவர்களுக்கு ஒன்று காத்திருக்கிறது. வெளிநாட்டில் படித்த மருத்துவர் பத்தாண்டுவரை மருத்துவர் பற்றாக்குறையுள்ள பகுதிகளில் வேலை செய்தால்தான் அரச காப்புறுதிப் பணம் கிடைக்கும் என்பது அங்குள்ள சட்டம். புங்குடுதீவில் இருக்க முடியாது என்று போனவர் அங்கே நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் உள்நாட்டில் ஒரு சிற்றூரில் இருக்கிறார். இருக்க முடிகிறது, ஏனென்றால் வீடும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும், கேட்க ஒரு மூத்தவரும், லீவுக்குப் பதிலாளும் அங்கே இருக்கின்றன.

நாம் செய்யக்கூடியவை பெரிய செலவில்லாதவை. தீவுகளில் வேலை செய்த காலத்துக்கு மேற்படிப்பில் ஒரு முன்னுரிமை. பீட மாணவர்களுக்கு இறுதியாண்டில் சில கிழமைகளாவது தீவகத்தில் பயிற்சி. ஒவ்வொரு சிற்றாஸ்பத்திரிக்கும் பெரியாஸ்பத்திரியில் பெயர் சொல்லி ஒப்படைக்கப்பட்ட ஒரு நிபுணர். விடுதியைத் திருத்த, அந்த ஊரின் புலம்பெயர்ந்த சங்கங்களே முன்வரும். கோயில் கோபுரங்களுக்கு வரும் பணத்தில் ஒரு சிறு பங்கே இதற்குப் போதும்.

எல்லாவற்றிலும் கடினமானது பிள்ளைகளைப் பற்றியது. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு.  மாவட்டத்துக்குள் பட்டினம், தீவு என்ற வேறுபாடு இல்லாததால் நெடுந்தீவுப் பிள்ளை யாழ் இந்துக் கல்லூரிப் பிள்ளையோடும் வேம்படிப் பிள்ளையோடும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். ரியூசனுக்கும் ஆய்வுகூடத்துக்கும் கடல் கடக்க வேண்டிய பிள்ளை அது. கிராமத்தில் வளர்ந்தவரே கிராமத்தில் தங்குவார் என்று உலகம் கண்ட பாடத்தைக் கேட்டுவிட்டு, அந்தப் பிள்ளை மருத்துவ பீடத்துக்குப் போகும் வழியைத் திறக்காமல் இருக்கிறோம். உயர்தரத்தில் உயிரியல் படிக்க விரும்பும் தீவகப் பிள்ளைகள் பலர் பட்டினத்தில் உறவுக்காரர் வீட்டில் தங்கியே படிக்கிறார்கள்.

கிழமை முடிவில் வீடு போய்விட்டுத் திங்கட்கிழமை காலையில் அவர்கள் திரும்புவார்கள். குறிகட்டுவானில் படகிலிருந்து புத்தகப்பையோடு பிள்ளைகள் இறங்க, இறங்குதுறையில் காத்து நின்ற மருத்துவர் அதே படகில் ஏறித் தீவுக்குப் போகிறார்.